விசிறியில்லாப் பெட்டியின் வெம்மை

வீட்டில் பயன்படும் சாதனங்களுள் சில, தம் உழைப்பை ஓசையால் அறிவிப்பன. மாவரைக்கும் எந்திரமும் துணி துவைக்கும் எந்திரமும் அத்தகையன. வேறு சில, இரவும் பகலும் ஓயாது உழைத்தும் ஓர் ஒலியும் எழுப்புவதில்லை. ரூட்டர் என்று வழங்கும் இணையப் பெட்டி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. சுவரோரத்தில் இரண்டு மூன்று சிறு விளக்குகள் மினுக்க அமர்ந்திருக்கும் அதனை, இணைப்பு அறுந்துபோகும் வேளையில்தான் நாம் திரும்பிப் பார்க்கிறோம்.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு அப்பெட்டியின் அருமை சற்று மிகுதி. பெங்களூரில் அல்சூரிலோ சிவாஜிநகரிலோ ஸ்ரீராமபுரத்திலோ வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மகன் வீட்டிலிருந்தபடியே அலுவலகப் பணியைச் செய்கிறான். பேத்தி தேர்வுக்குரிய பாடத்தைத் திரையில் கேட்கிறாள். மாலையானதும், ஊரிலே தனித்திருக்கும் பாட்டியாருடன் எல்லோரும் முகம் பார்த்துப் பேசுகின்றனர். இம்மூன்றும் அந்த ஒரு பெட்டியின் வழியாகவே நடைபெறுகின்றன. சித்திரை மாதத்து நடுப்பகலில் பெட்டி தொட முடியாதபடி சுடுகிறது. பேச்சு இடையிலே அறுகிறது. சற்று நேரங்கழித்து மீண்டும் ஒட்டுகிறது. "பெட்டி கெட்டுவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்கிறார் ஒருவர். "எந்திரம் என்றால் சுடத்தான் செய்யும்" என்கிறார் மற்றொருவர். முன்னவர் சொற்படி நடந்தால் பணம் வீணாகலாம். பின்னவர் சொற்படி நடந்தால் பெட்டியே வீணாகலாம். எது உண்மை என்று அளந்து காணும் வழியை இங்கே ஆராய்வோம்.

வீடுகளில் உள்ள இணையப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குள் விசிறி கிடையாது. இவ்வாறு விசிறியின்றிக் குளிரும் முறையை ஆங்கிலத்தில் ‘செயலற்ற குளிர்ச்சி’ என்று பொருள்படும் தொடரால் குறிப்பர். மொழிபெயர்ப்புத் தொழிலில் பழகியவர்களாகிய நமக்கு இத்தொடர் முழுவதும் உகந்ததாகத் தோன்றவில்லை. ஏனெனில் அங்கே செயல் நின்றுவிடவில்லை, செய்பவர்தாம் வேறு. பெட்டிக்குள் ஒரு விசிறி செய்ய வேண்டிய வேலையைப் பெட்டியைச் சூழ்ந்துள்ள காற்றும், அறையும், சுவரும் செய்துகொண்டிருக்கின்றன. எனவே விசிறியில்லாப் பெட்டிக்கு அறையே விசிறி எனக் கொள்ளலாம். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வரும் செய்திகள் அனைத்தும் எளிதில் விளங்கும்.

முதலில், வெப்பம் எங்கிருந்து பிறக்கிறது எனக் காண்போம். சாதாரண இணையப் பெட்டி ஒன்று 5 முதல் 15 வாட் வரை மின்சாரம் கொள்ளும். அந்த மின்சாரத்தில் மிகச் சிறு பகுதியே வானொலி அலையாக வெளியே செல்கிறது. எஞ்சியது முழுவதும், எவ்வளவு அரிய வேலையைச் செய்திருந்தாலும், முடிவில் வெப்பமாகவே மாறுகிறது. 10 வாட் என்பது பெரிய அளவன்று. ஆயினும் அது நகத்தளவுள்ள சில்லு ஒன்றில் பெரும்பாலும் பிறப்பதால், அதனை விரைவில் பரப்பி வெளியேற்றாவிடில் சில்லு தாங்காது.

பரப்புவது எப்படி என்பதை நம் வீட்டுக் காப்பியே கற்பிக்கிறது. டம்ளரில் நெடுநேரம் சுடும் காப்பி, வாயகன்ற டவராவில் ஊற்றியதும் சிறிது நேரத்தில் பருகும் பதத்துக்கு வந்துவிடுகிறது. காப்பி அதேதான், காற்றைத் தொடும் பரப்பே மிகுந்திருக்கிறது. சில்லின்மேல் பொருத்தப்படும் அலுமினியத் தகடு டவராவின் வேலையைத்தான் செய்கிறது. அதில் சீப்பின் பற்களைப்போல் மடிப்புகள் அமைத்திருப்பது பரப்பை மேலும் பெருக்குவதற்காக. தகட்டைத் தொட்ட காற்று சூடாகி இலேசாகிறது. இலேசான காற்று மேலே எழுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று புகுகிறது. அடுப்பின் புகைபோக்கியில் நிகழ்வதும் இதுவே. இதற்கு வெப்பச்சலனம் என்று பெயர். இதனோடு, சூடேறிய மேற்பரப்பிலிருந்து கண்ணுக்குப் புலனாகாத கதிர்களாகவும் ஒரு பகுதி வெப்பம் வெளியேறுகிறது. பெட்டி வெண்மையாயினும் கருமையாயினும் இக்கதிர்வீச்சில் பெரிய வேறுபாடு இல்லை. வெயில் நேரே விழும் இடத்தில் வைத்தால் மட்டுமே கருநிறப் பெட்டி கூடுதலாகச் சூடேறும்.

இனிப் பெங்களூரின் நிலைமையைக் கவனிப்போம். ‘மின்விசிறி வேண்டாத ஊர்’ என்று முன்னோர் பெருமை பேசிய நகரம் அது. அப்பெருமை இப்போது கோடையில் செல்லுபடியாவதில்லை. 2016 ஏப்ரல் மாதத்தில் அந்நகரின் வெப்பநிலை 39.2 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தது. 2024 ஏப்ரல் மாத இறுதியில் 38.5 டிகிரியைத் தொட்டது. வீட்டு இணையப் பெட்டிகள் பலவற்றின் குறிப்புத்தாளில், சூழ்ந்துள்ள காற்று 40 டிகிரிக்கு மேற்படலாகாது என்று அச்சிடப்பட்டிருக்கக் காணலாம். வெயில் தாக்கும் மொட்டை மாடியின் கீழுள்ள அறையில், கூரையை ஒட்டிய பரணில், அந்த எல்லை எளிதில் கடக்கப்படும். சூடான காற்று மேலே சென்று தங்குமாதலால், அறையின் நடுவில் 36 டிகிரி இருக்கையில் பரணில் அதனினும் மிகுந்திருக்கும்.

பெங்களூருக்கே உரிய மற்றொரு செய்தியும் உண்டு. அந்நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சென்னையில் உள்ளதைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்று வெப்பத்தைச் சுமந்து செல்வதும் சற்றுக் குறைவாகும். இதனால் வீட்டுப் பெட்டியில் ஏற்படும் வேறுபாடு ஓரிரு டிகிரியே ஆதலின், அதனை எண்ணிக் கலங்க வேண்டுவதில்லை. உயரத்தின்மீது பழி போடுவதற்கு முன், துணி மூடிய பெட்டியைத் திறந்து பார்ப்பது நன்று.

இந்நாட்டின் வெயிலும் புழுதியும் மின்னணுச் சாதனங்களுக்குத் தடையாகுமோ என்ற வினா நமக்கு முன்பே எழுந்து, விடையும் காணப்பட்ட ஒன்று. பெங்களூரின் தூரவாணி நகரில் 1948-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையை நம்மவர் பலர் அறிவர். பிற்காலத்தில், 1984-ஆம் ஆண்டில், ‘சி-டாட்’ என்று சுருக்கமாக வழங்கும் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி மையத்தை மத்திய அரசு நிறுவியது. தில்லியிலும் பெங்களூரிலும் அதன் பொறியாளர்கள் பணியாற்றினர். மேனாட்டிலிருந்து வந்த மின்னணுத் தொலைபேசி நிலையங்களுக்குக் குளிரூட்டிய அறை தேவைப்பட்டது. மின்சாரமே நிலையில்லாத கிராமத்தில் குளிரூட்டிய அறைக்கு எங்கே போவது? ஆகவே, குளிரூட்டல் வேண்டாத சிறு தொலைபேசி நிலையம் ஒன்றை அவர்கள் உருவாக்கினர். அதன் முதல் நிலையம் 1986-ஆம் ஆண்டில், கர்நாடகத்தின் கித்தூரில் இயங்கத் தொடங்கியது. ராணி சென்னம்மாவின் வீரத்தால் புகழ்பெற்ற கித்தூர்தான் அது. அச்சாதனம் வெயிலை வென்ற உபாயம் மிக எளியது. குறைந்த மின்சாரம் கொள்ளும் சில்லுகளைத் தேர்ந்தெடுத்து, வெப்பம் பிறப்பதையே அவர்கள் குறைத்தனர். பிறந்த சிறிதளவு வெப்பம் தானே வெளியேறப் பெட்டியின் அமைப்பு போதுமானதாயிற்று. வெப்பத்தை விரட்டுவதிலும் அதனைப் பிறவாமற் காப்பது மேல் என்ற பாடம் நம் வீட்டுப் பெட்டிக்கும் பொருந்தும்.

இனிச் சோதனை முறைக்கு வருவோம். முதற்கண், கையை மட்டும் நம்பலாகாது. உலோகப் பரப்பு 50 டிகிரியை எட்டினாலே நம் கை தானாக விலகிவிடும். ஆனால் மின்னணுச் சில்லுக்கு 50 டிகிரி ஒரு பொருட்டன்று. சில வகைப் பெட்டிகள் உள்வெப்பத்தைத் தம் அமைப்புப் பக்கத்தில் எண்ணாகக் காட்டும். அங்கே 60, 70 டிகிரி என்று கண்டதும் திடுக்கிட வேண்டா. விசிறியில்லாப் பெட்டியில் அது வழக்கமாகக் காணும் எண்ணே.

அந்த எண்ணைத் தனியே பார்ப்பதால் பயன் சிறிது. அறையின் வெப்பத்தை அதிலிருந்து கழித்துப் பார்ப்பதே முறை. சிறிய வெப்பமானி ஒன்றைப் பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளி, அதே உயரத்தில் வைத்து, விடியலில் ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். விடியலில் அறை 26, பெட்டி 58 என்று வைத்துக்கொள்வோம், வேறுபாடு 32. நடுப்பகலில் அறை 36, பெட்டி 68 ஆனால் அப்போதும் வேறுபாடு 32 தான். பெட்டியில் குற்றமில்லை; அறையே சூடாகியிருக்கிறது. இதற்குப் புதுப்பெட்டி மருந்தாகாது. அதையும் அதே இடத்தில் வைத்தால் அதுவும் அவ்வாறே சுடும். இதற்கு மாறாக, அறை 26 டிகிரியிலேயே இருக்க, பெட்டி 75 காட்டுமாயின் வேறுபாடு 49 ஆகிறது. அப்போதுதான் காரணத்தைப் பெட்டியின் இருப்பிடத்திலோ, சுமையிலோ, உடலிலோ தேட வேண்டும்.

உள்வெப்பத்தைக் காட்டாத பெட்டியாயின், வெப்பமானியைப் பெட்டியின் மேற்பரப்பில் சற்று நேரம் ஒட்டினாற்போல் வைத்து எண்ணைக் குறிக்கலாம். துல்லியம் குறைந்தாலும், ஒரு நாளை மற்றொரு நாளோடு ஒப்பிட அது போதும்.

எண்ணைக் காட்டும் உணர்கருவியே தவறுவதும் உண்டு. இரவு முழுவதும் அணைத்து வைத்த பெட்டியைக் காலையில் இயக்கி, அமைப்புப் பக்கம் திறந்தவுடனே எண்ணைப் பார்க்க வேண்டும். அப்போது அது அறையின் வெப்பத்தை ஒட்டியோ, சில டிகிரி மேலாகவோ இருத்தல் இயல்பு. எடுத்த எடுப்பிலேயே 70 என்று காட்டுமாயின், கைக்கும் பெட்டி குளிர்ந்தே தோன்றுமாயின், சுடுவது பெட்டியன்று, பிழைபடுவது எண்.

அடுத்து இருப்பிடத்தை ஆராய்வோம். அலங்காரத்துக்காகப் பெட்டியின்மேல் பின்னல் துணி விரித்திருப்பது, தொலைக்காட்சி அலமாரியின் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டியிருப்பது, செட்டாப் பெட்டியின் முதுகில் ஏற்றியிருப்பது ஆகியன நம் வீடுகளில் சாதாரணம். தனித்த 10 வாட் பெட்டி, மூடிய மர அலமாரியின் காற்றைச் சில டிகிரியே உயர்த்தும். ஆனால் செட்டாப் பெட்டி, யுபிஎஸ் முதலியன கூடி 40 வாட் ஆகிவிட்டால், அலமாரியின் உட்காற்று வெளிக்காற்றைவிடப் 10 டிகிரிக்கு மேலும் உயர்ந்துவிடும். மின்வெட்டுக்கு அஞ்சி இணையப் பெட்டிக்கென்றே வாங்கும் சிறு யுபிஎஸ்ஸைப் பெட்டிக்கு அடியில் வைப்பதும் நன்றன்று. அதன் வெப்பம் மேலே ஏறும். பெட்டியின் வெப்பம் அதன் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். இரண்டையும் பக்கம் பக்கமாக, இடைவெளி விட்டு வைக்க வேண்டும். பெட்டியின் காற்றுத் துளைகள் மேலும் கீழும் அமையுமாறு சுவரில் மாட்டுவதோ, தாங்கியில் நிமிர்த்தி வைப்பதோ புகைபோக்கியைப்போல் காற்றை இழுக்க உதவும். பெட்டியின் மேலும் பக்கங்களிலும் நான்கு விரற்கடை இடமாவது விட வேண்டும்.

புழுதியும் ஒரு காரணம். வீதியில் கட்டட வேலை ஓயாத பெங்களூரில், ஆறு மாதத்தில் துளைகள் அடைபடுவது உண்டு. மின்னிணைப்பைப் பிடுங்கிய பின், உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்துவிடலாம். ஈரத்துணி ஆகாது.

மூன்றாவது, சுமை. வீட்டில் உள்ளோர் பலரும் ஒரே வேளையில் படம் பார்த்தல், காவல் கேமராக்கள் இடைவிடாது காட்சிகளை அனுப்புதல், பெட்டியின் பின்னே செருகிய தகட்டுப் பேழை மின்சாரம் இழுத்தல் ஆகியவற்றால் பெட்டியின் உழைப்பு மிகும், வெப்பமும் மிகும். இது இயற்கை. வீடு முழுவதும் உறங்கும் நள்ளிரவிலும் பெட்டியின் வெப்பம் குறையாதிருந்தால்தான் ஐயுற வேண்டும். 2016-இல் ‘மிராய்’ என்னும் தீய நிரல் கேமராக்களையும் இணையப் பெட்டிகளையும் உலகெங்கும் கைப்பற்றி, உரியவர் அறியாமலே பிறரைத் தாக்கப் பயன்படுத்தியது. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாதிருந்த சாதனங்களே அதற்கு எளிதில் இரையாயின. ஆகவே காரணமற்ற இரவு வெப்பம் தோன்றினால், பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டு, புதிய மென்பொருளை ஏற்றி, கடவுச்சொல்லை மாற்றுவது அறிவுடைமை. இணைப்பு நிறுவனம் தந்த பெட்டியாயின், அவர்களைக் கேட்டே இதனைச் செய்ய வேண்டும். இல்லையேல் இணைப்புக்குரிய அமைப்புகள் அழிந்துபோகும்.

நான்காவது, மின்சாரம் ஊட்டும் அடாப்டர். பழையது பழுதாக, கையில் அகப்பட்ட வேறொன்றைச் செருகுவது பலர் வழக்கம். அதன்மேல் அச்சிட்ட வோல்ட் அளவு பெட்டி கேட்கும் அளவாகவே இருத்தல் வேண்டும். ஆம்பியர் அளவு அதற்குக் குறையாதிருத்தல் வேண்டும். அடாப்டர் கருகிய நெடி வீசினாலோ, உருமாறினாலோ, சீறும் ஒலி எழுப்பினாலோ, சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு உடனே அகற்றிவிட வேண்டும். அதன் உள்ளே வீட்டு மின்சாரத்தின் முழு விசையும் பாய்வதால், அதனைப் பிரித்துப் பார்க்க ஒருபோதும் முற்படலாகாது. இணைப்பு அறுவதால் நேரும் இழப்பு பணத்தோடு போகும். இங்கே நேரும் கவனக்குறைவு தீயாக மூளக்கூடும்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பின்னும் வேறுபாடு குறையாவிடில், இறுதிச் சோதனை ஒன்று உண்டு. மேசை விசிறியைப் பெட்டியை நோக்கி இருபது நிமிடம் வீசவிட்டு எண்ணைப் பாருங்கள். எண் நன்றாக இறங்குமாயின், பெட்டி நலமாயிருக்கிறது; அதற்குக் காற்றே போதவில்லை. சிறு விசிறி ஒன்றைக் கோடைக்கு மட்டும் அருகில் வைத்தாலே போதும். வெளிப்புறம் குளிர்ந்தும் உள்ளெண் இறங்க மறுக்குமாயின், சில்லுக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையேயுள்ள வெப்பப் பசையோ பட்டையோ விலகியிருக்கலாம். அடுப்பு எரிந்தும் பாத்திரம் அதில் படாத நிலை அது. உத்தரவாதக் காலம் முடியாதிருந்தால் பெட்டியைத் திறவாமல் உரியவரிடம் சேர்ப்பதே முறை.

செய்யத் தகாதவை சிலவற்றையும் சொல்ல வேண்டும். பனிக்கட்டி வைத்தல், ஈரத்துணி போர்த்தல், குளிர்பதனப் பெட்டியில் சற்று நேரம் வைத்தெடுத்தல் ஆகியவற்றைச் சிலர் செய்வதுண்டு. குளிர்ந்த உலோகத்தில் காற்றின் ஈரம் துளியாகப் படியும். வெப்பம் மெல்லக் கெடுப்பதை ஈரம் நொடியில் கெடுத்துவிடும்.

மெல்லக் கெடுப்பது என்றோம். பெட்டிக்குள் உள்ள மின்தேக்கிகள் சிலவற்றில் திரவம் உண்டு. வெப்பத்தால் அது நாளடைவில் உலர்கிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொறியாளர் கொள்ளும் பொதுக் கணக்கு. அலமாரிக் கதவைத் திறந்து வைப்பதால் மட்டுமே சில ஆண்டுகளைச் சம்பாதிக்கலாம் என்பது இதனால் விளங்கும். எல்லை மீறினால் சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதும், அணைந்து மீண்டும் எழுவதும் உண்டு. நடுப்பகலில் மட்டும் பேச்சு அறுவதற்கு இது ஒரு காரணமாகலாம். ஆனால் குளிர்ந்த இரவிலும் அவ்வாறே அறுமாயின், பெட்டியை விட்டுவிட்டுக் கம்பியையும் இணைப்பையும் சோதிக்க வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கு ஒரு சொல். பழுது பார்ப்பவரிடம் பேசும்போது மொழி நமக்கு இடறுவது உண்டு. கன்னடத்தில் சூட்டுக்கு ‘பிஸி’ என்று பெயர். பிஸிபேளேபாத் உண்டவர் எவருக்கும் அச்சொல் தெரியும். ஆனால் ‘பெட்டி பிஸியாக இருக்கிறது’ என்பதோடு நின்றால், புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்ற மறுமொழியே பெரும்பாலும் கிடைக்கும். விடியல், நடுப்பகல், இரவு ஆகிய மூன்று வேளைகளிலும் அறையும் பெட்டியும் காட்டிய ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டுவதில்லை. அவற்றைக் கண்ட தொழிலறிந்தவர், அறையைத் திருத்துவதா பெட்டியை மாற்றுவதா என்பதை நொடியில் கூறிவிடுவார். அறியாதவர் நம்மை எளிதில் ஏமாற்றவும் இயலாது. ஒரு வெப்பமானியின் விலை புதிய பெட்டியின் விலையில் சிறு பகுதியே ஆதலின், கோடை பிறக்குமுன் அதனை வாங்கிப் பெட்டியின் அருகே வைத்துக்கொள்வது நலம்.